விமானம் விரையலாம், தூரம் குறையுமா?

பயணத்தில் இருப்பவர் நான்கு ரக்அத்துத் தொழுகையை இரண்டாகச் சுருக்கித் தொழும் 'கஸ்ர்' என்னும் சலுகையைப் பற்றி அண்மைக் காலமாக ஒரு வினா அடிக்கடி எழுப்பப்படுகின்றது. "ஒட்டகத்தின் மீதேறிப் பாலையைக் கடந்தவர்களுக்கு அளிக்கப்பட்ட சலுகை அது. குளிரூட்டிய விமானத்தில் அமர்ந்து ஒரு மணி நேரத்தில் ஊர் போய்ச் சேருகின்ற நமக்கு அது எதற்கு?" என்பதே அவ்வினா. கேட்பவர்கள் மார்க்கத்தை எள்ளிக் கேட்கின்றார்கள் என்று கொள்ள வேண்டுவதில்லை. முழுமையாகத் தொழுவதே பேணுதல் என்ற நல்லெண்ணமும் அதனுள் இருக்கலாம். ஆயினும் இவ்வினாவின் அடியில் ஒரு தவறான கணக்கு மறைந்து கிடக்கின்றது. பயணத்தின் காலம் குறைந்தால் பயணமே குறைந்துவிட்டது என்னும் கணக்கே அது.

இக்கணக்கு எங்கே பொய்த்துப் போகின்றது என்பதை அறிய விரும்புவோர், இறைவனின் இப்பரந்த பூமியின் வடகோடியைச் சற்றே நோக்குதல் வேண்டும். விமானம் ஒன்றையே நம்பி மனிதர் வாழும் ஊர்கள் அங்குள்ளன. விமானம் தூரத்தை வென்றுவிட்டது என்னும் பேச்சு உண்மையாயின், அது அங்கேதான் முதலில் உண்மையாதல் வேண்டும்.

வடகோடியில் இரண்டு ஊர்கள்

கனடா நாட்டின் வடபகுதியில் நுனாவுட் என்றொரு மாநிலப் பகுதி இருக்கின்றது. அங்கே மக்கள் வாழும் ஊர்கள் 25. அவற்றுள் எந்த இரண்டு ஊர்களையும் இணைக்கும் சாலை ஒன்றுகூடக் கிடையாது. கோடையில் கடற்பனி விலகும் சில வாரங்களில் சரக்குக் கப்பல் வரும். மற்றபடி ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு மனிதரைக் கொண்டு செல்வது விமானமே.

அப்பகுதியின் வடகோடியில் உள்ளவை ரெசலூட், கிரைஸ் ஃபியோர்டு என்னும் இரண்டு சிற்றூர்கள். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி முன்னதில் வாழ்வோர் 183 பேர். பின்னதில் 144 பேர். நம் நாட்டில் ஒரு தெருவில் வாழும் மக்கள்தொகைகூட இதனினும் மிகுதியாக இருக்கும். கிரைஸ் ஃபியோர்டுக்கு அம்மண்ணின் மக்களாகிய இனுயிட் மக்கள் தம் மொழியில் வைத்துள்ள பெயரின் பொருள் 'என்றும் உருகாத இடம்' என்பதாகும். நவம்பரில் மறையும் கதிரவன் அவ்வூர்களில் பிப்ரவரியில்தான் மீண்டும் முகங்காட்டுகின்றது.

இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையேயுள்ள தூரம் வான்வழியில் ஏறத்தாழ 385 கிலோமீட்டர். சுவரில் தொங்கும் உலகப் படத்தில் பார்த்தால் இது ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் போலத் தோன்றும். காரணம் யாதெனில், உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது வடபகுதி அளவுக்கு மீறி அகன்றுவிடுகின்றது. சென்னை அமைந்துள்ள அட்சரேகையில் தீர்க்கரேகையின் ஒரு பாகை ஏறத்தாழ 108 கிலோமீட்டர் அகலமுடையது. கிரைஸ் ஃபியோர்டின் அட்சரேகையிலோ அதே ஒரு பாகை 26 கிலோமீட்டராகச் சுருங்கிவிடுகின்றது. ஆகவே, இரண்டு ஊர்களுக்கும் இடையே 12 பாகைகள் இருந்தபோதிலும் தூரம் அவ்வளவே. கண்ணால் கண்டதைக் கொண்டு மட்டும் தூரத்தைத் தீர்மானிக்கலாகாது என்பதற்கு இது முதற்சான்று.

இத்தூரத்தைக் கடக்கும் விமானம் 'ட்வின் ஆட்டர்' என்னும் வகையைச் சேர்ந்தது. அதிகமாகப் போனால் 19 பேர் அமரலாம். மணிக்கு 270 கிலோமீட்டர் அளவில் பறக்கும் அவ்விமானத்திற்கு இப்பயணம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். பெரிய விமானங்கள் அவ்வூரில் இறங்க இயலாது. ஏனெனில், அங்குள்ள ஓடுதளம் சரளைக்கல் பரப்பியது; அதன் நீளம் ஏறத்தாழ 500 மீட்டர் மட்டுமே. சென்னை விமான நிலையத்தின் பெரிய ஓடுதளம் 3,600 மீட்டருக்கு மேல் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் சிறுமை விளங்கும். ஒரு புறம் மலை, மறு புறம் கடல். நடுவே அந்தச் சரளைக் கீற்று.

ஒன்றரை மணி நேரம் என்பது ஏட்டிலுள்ள கணக்கு. நடைமுறையில் விமானம் நாள்தோறும் செல்வதில்லை. வாரத்தில் சில நாட்களே செல்கின்றது. செல்ல வேண்டிய நாளில் மூடுபனி கவிந்தாலும், பனிப்புயல் வீசினாலும், மலையிடுக்கிலிருந்து காற்று பாய்ந்தாலும் செல்வதில்லை. புறப்பட்ட விமானம் ஊரின் மேல் வந்து பார்த்துவிட்டு இறங்க இயலாமல் திரும்பிப் போவதும் உண்டு. அப்போது பயணி ரெசலூட்டில் ஒரு நாளும் காத்திருக்கலாம், பல நாட்களும் காத்திருக்கலாம். நடந்து போகலாம் என்றாலோ சாலை இல்லை. படகில் போகலாம் என்றாலோ ஆண்டின் பெரும்பகுதி கடல் கல்லாக உறைந்து கிடக்கின்றது. ஒன்றரை மணி நேரத்தை மனிதனுக்கு இரவலாகக் கொடுத்த வானிலை, வேண்டும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்கின்றது. வாங்கிக்கொண்ட பிறகு எஞ்சி நிற்பது யாது? அந்த 385 கிலோமீட்டர் அப்படியே நிற்கின்றது.

பிரிக்கப்பட்ட உறவுகள்

இத்தூரத்தின் கொடுமையை அறிந்த மக்கள் அவ்வூர்களிலேயே வாழ்கின்றார்கள். 1953ஆம் ஆண்டிலும் 1955ஆம் ஆண்டிலும் கனடா அரசு, ஹட்சன் விரிகுடாவின் கிழக்குக் கரையிலுள்ள இனுக்ஜுவாக் என்னும் ஊரிலிருந்து சில இனுயிட் குடும்பங்களைக் கப்பலேற்றி, ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோய்க் குடியமர்த்தியது. விரும்பினால் இரண்டாண்டுகளில் திரும்பிவிடலாம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அவ்வாக்கு காப்பாற்றப்படவில்லை. எல்லோரும் ஓரிடத்தில் வாழப் போகின்றோம் என்று நம்பி வந்த உறவினர்கள், வெவ்வேறு இடங்களில் இறக்கப்படப் போவதைப் பயணத்தின்போதே அறிந்து கலங்கினார்கள். ஒரு பகுதியினர் கிரைஸ் ஃபியோர்டு பகுதியிலும், மற்றொரு பகுதியினர் ரெசலூட்டிலும் விடப்பட்டனர். 2010ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில்தான் கனடா அரசு இச்செயலுக்காக முறைப்படி மன்னிப்புக் கோரியது.

தலைநகரில் அமர்ந்து படத்தின் மீது விரலை வைத்தவர்களுக்கு அந்த இரண்டு ஊர்களும் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளாகத் தெரிந்திருக்கலாம். அண்ணன் ஒரு கரையிலும் தங்கை மறு கரையிலுமாக இறக்கிவிடப்பட்டவர்களுக்கோ அது உறவை அறுக்கும் வாளாக இருந்தது. உறவை இணைத்து வாழ்வதை ஈமானின் கடமையாகக் கருதும் நமக்கு இதன் வலி சொல்லாமலே விளங்கும்.

இனுவிக்கும் டுக்டோயாக்டுக்கும்

அதே நாட்டின் வடமேற்கில், மெக்கன்சி ஆறு கடலிற் கலக்கும் முகத்துவாரத்தில் இனுவிக் என்னும் ஊர் இருக்கின்றது. மக்கள்தொகை 3,000க்குச் சற்று மேல். அதற்கு வடக்கே, கடலோரத்தில் டுக்டோயாக்டுக் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே வாழ்வோர் ஆயிரத்துக்கும் குறைவு. இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கேட்டால் மூன்று விடைகள் உண்டு. மூன்றும் உண்மையே.

வான்வழியில் ஏறத்தாழ 124 கிலோமீட்டர்; சிறு விமானத்தில் அரை மணி நேரத்திற்குச் சற்று மேல். குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மீதும் உறைந்த கடலின் மீதும் அமைக்கப்பட்டுவந்த பனிப்பாதையில் ஏறத்தாழ 190 கிலோமீட்டர். அப்பாதை கோடையில் கரைந்து மறைந்துவிடும். மூன்றாவது, 2017ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் திறக்கப்பட்ட சரளைச் சாலை. அதன் நீளம் 138 கிலோமீட்டர். அந்த ஆண்டு ஏப்ரல் மாதத்தோடு பனிப்பாதை இறுதியாக மூடப்பட்டது. நிலத்தடியில் என்றும் உறைந்திருக்கும் மண் உருகிவிடாதபடி, வெட்டித் தோண்டாமல், குளிர்காலத்தில் மேலே சரளையைக் கொட்டிக் கொட்டி அச்சாலையை அமைத்தார்கள். 138 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 30 கோடி கனடா டாலர் செலவாயிற்று. அரை மணி நேர விமானம் இருக்கும்போது இவ்வளவு பெரும் செலவில் சாலை எதற்கு என்று அவ்வூரார் கேட்கவில்லை. தூரம் என்பது மெய்ப்பொருள், விமான நேரம் அதன் மீது விழும் நிழல் என்பதை அனுபவத்தால் அறிந்தவர்கள் அவர்கள்.

இனுவிக்கில் நம் சகோதர முஸ்லிம்களும் வாழ்கின்றார்கள். சூடான், லெபனான், எகிப்து முதலிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, வாடகைக் கார் ஓட்டியும் சிறு வணிகம் செய்தும் வாழும் சிறு கூட்டத்தினர் அவர்கள். நெடுங்காலம் ஒரு சிறிய அறையில் நெருங்கி நின்று தொழுதுவந்தார்கள். அங்கே கட்டடம் எழுப்புவதற்கு ஆகும் செலவோ தாங்க முடியாதது. ஆகவே, வின்னிபெக் நகரிலுள்ள ஸுபைதா தல்லாப் அறக்கட்டளையினர், ஏறத்தாழ 1,500 சதுர அடிப் பரப்புள்ள பள்ளிவாசல் ஒன்றை அந்நகரிலேயே கட்டி முடித்து, அப்படியே லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். ஹே ரிவர் என்னும் ஊர்வரை சாலையிலும், அங்கிருந்து சரக்குப் படகில் மெக்கன்சி ஆற்றின் வழியாகவும் அது பயணம் செய்தது. ஆறு உறைந்துவிடுமுன் போய்ச் சேர வேண்டும். 2010ஆம் ஆண்டு செப்டம்பரில் போய்ச் சேர்ந்து, நவம்பரில் தொழுகைக்குத் திறக்கப்பட்டது. வின்னிபெக்குக்கும் இனுவிக்குக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 2,850 கிலோமீட்டர். இறையில்லம் கடந்து வந்ததோ 4,000 கிலோமீட்டருக்கும் மேல். பறந்து போகின்றவனுக்கு ஒரு தூரம். பாரத்தோடு போகின்றவனுக்கு வேறொரு தூரம்.

அப்பள்ளிவாசலில் தொழுவோர் முகம் வைத்துத் தொழும் திசையும் சிந்திக்கத் தக்கது. தட்டையான படத்தைப் பார்ப்பவர், வட அமெரிக்காவிலிருந்து மக்கா தென்கிழக்கில் அன்றோ உள்ளது என்பார். உருண்டையான பூமியின் மீது மிகக் குறுகிய வழியை அளந்தால், இனுவிக்கிலிருந்து புனித கஅபாவை நோக்கிச் செல்லும் கோடு ஏறக்குறைய நேர் வடக்கே புறப்பட்டு, துருவத்தை ஒட்டிக் கடந்து, மறு பக்கமாகத் தெற்கே இறங்குகின்றது. அதன் தூரம் ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர். அதாவது பூமியின் சுற்றளவில் சரியாகக் கால் பங்கு. தூரத்தையும் திசையையும் நம் கண்ணும் பழக்கமும் தீர்மானிப்பதில்லை. படைத்தவன் பூமியை எவ்வாறு அமைத்தானோ அவ்வமைப்பே தீர்மானிக்கின்றது.

சட்டமேதைகள் கண்ட உண்மை

இனி, முதலில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். பயணச் சலுகையை நம் இமாம்கள் எதன் மீது நிறுத்தினார்கள்? கடிகாரத்தின் மீதா, தூரத்தின் மீதா?

ஷாஃபிஈ மத்ஹபில் பயணத்தின் எல்லை இரண்டு மர்ஹலா. அதாவது 16 பர்ஸக், அல்லது 48 ஹாஷிமி மைல். இதை இக்கால அளவிற்கு மாற்றும்போது 80 கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்பாரும், 130 கிலோமீட்டரைத் தாண்டும் என்பாரும் உளர். ஹனஃபி மத்ஹபில் மூல அளவு, நடுத்தர நடையில் மூன்று நாள் வழித் தொலைவு. நம் நாட்டு ஹனஃபி உலமாக்கள் பலர் அதனை 48 மைல், ஏறத்தாழ 77 கிலோமீட்டர் என்று வரையறுத்துள்ளனர். மூன்று நாள் என்று சொல்லப்பட்டதால், ஹனஃபி இமாம்கள் காலத்தையே அளவுகோலாகக் கொண்டார்கள் என்று சிலர் கருதலாம். அது சரியன்று. மூன்று நாள் நடைக்குரிய தூரத்தை விரைந்து செல்லும் ஒருவன் இரண்டே நாளில் கடந்துவிட்டாலும் அவன் முஸாஃபிரே, சுருக்கியே தொழ வேண்டும் என்று அவர்களே தெளிவாக்கியுள்ளார்கள்.

ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள் இதனினும் ஒரு படி மேலே சென்றார்கள். தம்முடைய மின்ஹாஜ் என்னும் சட்ட நூலில், கடலும் தரையைப் போன்றதே என்றும், பயணத்திற்குரிய மைல்களைக் கடலில் ஒருவன் ஒரு மணிப் பொழுதில் கடந்துவிட்டாலும் அவனுக்குச் சுருக்கும் உரிமை உண்டு என்றும் சட்டம் வகுத்தார்கள். நீராவிக் கப்பலும் இல்லாத காலம் அது! இரண்டு நாள் வழியை ஒரு மணியில் கடக்கும் கலம் எதையும் அவர்கள் கண்டிருக்க முடியாது. எனினும் சலுகையின் வேர் எங்கே ஊன்றியுள்ளது என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். அதனால்தான் அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலான காலத்திற்குப் பின் வந்த விமானத்திற்கும் அச்சட்டம் பொருந்துகின்றது.

ஏன் தூரத்தின் மீது நிறுத்தினார்கள்? சிரமம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அரசன் பல்லக்கில் சொகுசாகப் பயணம் செய்கின்றான். கூலியாள் உள்ளூரிலேயே நாள் முழுதும் கல் சுமக்கின்றான். சிரமத்தை அளவாக வைத்தால் அரசனுக்குச் சலுகை இல்லை, கூலியாளுக்கு உண்டு என்றாகும். பிறகு ஒவ்வொருவரும் தத்தம் சிரமத்தைத் தாமே அளந்து, தாமே தீர்ப்பளிப்பார்கள். ஷரீஅத் அவ்வாறு விடவில்லை. சிரமம் இச்சலுகையின் நுட்பமான நோக்கம். ஆனால் சட்டத்தைத் தாங்கும் காரணம் பயணமே. பயணம் கண்ணால் காணத் தக்கது; தூரம் கோலால் அளக்கத் தக்கது. உள்ளூரில் சிரமப்படுவோருக்கு மார்க்கம் வழி வைக்கவில்லை என்பதன்று. நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம். தண்ணீரைப் பயன்படுத்த இயலாதவர் தயம்மும் செய்யலாம். ஒவ்வொரு இடருக்கும் அதனதன் வாசல் தனியே திறந்திருக்கின்றது.

மேலே கூறிய டுக்டோயாக்டுக்கின் மூன்று தூரங்களுக்கும் இச்சட்டத்தில் இடமுண்டு. ஓர் ஊருக்கு நெடுவழி, குறுவழி என இரண்டு இருந்தால் என்ன சட்டம்? ஒருவர் எவ்வழியில் செல்கின்றாரோ அவ்வழியின் தூரமே கணக்கு என்பது ஹனஃபி இமாம்களின் தீர்ப்பு. பாதுகாப்பு, வசதி போன்ற தக்க காரணத்திற்காக நெடுவழியைத் தேர்ந்தவருக்குச் சலுகை உண்டு. சுருக்கித் தொழுவதற்காகவே சுற்றிப் போகின்றவருக்கு இல்லை என்பது ஷாஃபிஈ மத்ஹபின் தீர்ப்பு. 48 மைல் கணக்கில் 124, 138, 190 ஆகிய மூன்றுமே எல்லையைத் தாண்டியவை. 130 கிலோமீட்டருக்கு மேல் என்று கணக்கிடும் ஷாஃபிஈயோ வானில் பறந்தால் முழுமையாகத் தொழுவார். சரக்குகளோடு சாலை வழியே சென்றால் சுருக்கித் தொழலாம். இங்கே குறைந்த நேரத்தில் போனவர் சலுகை இழந்ததற்கு நேரம் காரணமன்று. அவர் கடந்த தூரம் குறைவு என்பதே காரணம்.

கிரைஸ் ஃபியோர்டுப் பயணத்திலோ எவ்வித ஐயத்திற்கும் இடமில்லை. 385 கிலோமீட்டர் எக்கணக்கிலும் மூன்று மர்ஹலாவையும் தாண்டியது. அத்தகைய பயணத்தில் சுருக்கித் தொழுவதே சிறந்தது என்பது ஷாஃபிஈ மத்ஹப். சுருக்குவது கட்டாயம் என்பது ஹனஃபி மத்ஹப். ஒரு முஸ்லிம் மருத்துவரோ பொறியாளரோ அவ்விமானத்தில் ஏறினால், "ஒன்றரை மணி நேரம்தானே" என்று தயங்க வேண்டுவதில்லை.

சலுகை எங்கே தொடங்குகின்றது என்பதும் கவனிக்கத் தக்கது. வீட்டைவிட்டுக் கிளம்பியதும் அன்று. ஊரின் கட்டட எல்லையைக் கடந்த பின்னரே தொடங்கும். இனுவிக் விமான நிலையம் ஊருக்கு வெளியே பல கிலோமீட்டர் தள்ளி உள்ளது. ஆகவே, ஊர்வாசி அங்கே சுருக்கித் தொழலாம். கிரைஸ் ஃபியோர்டின் ஓடுதளம் ஊரை ஒட்டியே கிடக்கின்றது. அவ்வூர்வாசி விமானம் கிளம்பும்வரை ஊரில் இருப்பவராகவே கொள்ளப்படுவார். நம் ஊர்களிலும் விமான நிலையத்தில் நின்று தொழுகின்றவர்கள் இந்த எல்லையை நினைவில் வைத்தல் நன்று.

பனி மறித்த பயணி

இனி, வானிலையால் ரெசலூட்டில் தடுத்து நிறுத்தப்பட்ட பயணியை எண்ணிப் பாருங்கள். இன்று புறப்படலாம், நாளை புறப்படலாம் என்று அவர் மூட்டையைக் கட்டியபடியே காத்திருக்கின்றார். அவர் ஊர்வாசியா, பயணியா?

இதற்கு விடை தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் அஜர்பைஜான் நாட்டில் பனி வழியை மறித்துக்கொண்டதால் ஆறு மாதம் தங்க நேர்ந்தது என்றும், அக்காலம் முழுவதும் இரண்டிரண்டு ரக்அத்துகளாகவே தொழுதார்கள் என்றும் அறிவிப்புகள் கூறுகின்றன. இதனை ஒட்டியே, பதினைந்து நாள் தங்குவதென்று உறுதி கொள்ளாமல், இன்றோ நாளையோ என்று காத்திருப்பவர் எத்தனை காலம் கழிந்தாலும் பயணியே என்றார்கள் ஹனஃபி இமாம்கள். அவ்வாறு காத்திருப்பவருக்குப் பதினெட்டு நாள்வரை சலுகை உண்டு என்றார்கள் ஷாஃபிஈ இமாம்கள். அரபுப் பாலையில் தோன்றிய மார்க்கம் பனிநாட்டுப் பயணியை அறியாது என்று சொல்பவர்கள் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பயணம் என்பது இருக்கையில் அமர்ந்திருக்கும் நேரம் மட்டுமன்று. சொந்த மண்ணைவிட்டு நீங்கியிருத்தல், நினைத்தபோது திரும்ப இயலாமை, உணவும் உறக்கமும் பிறர் கையில் இருத்தல் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே பயணம். மனிதனின் உணவையும் பானத்தையும் உறக்கத்தையும் பயணம் தடுத்துவிடுவதால் அது வேதனையில் ஒரு பங்கு என்று எச்சரித்து, காரியம் முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்புமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். விமானம் இவற்றுள் எதையும் ஒழித்துவிடவில்லை. சொந்த ஊரைவிட்டு நீங்கியிருக்கும் நிலையைச் சில வேளைகளில் மறைத்து வைக்கின்றது, அவ்வளவே.

கடிகாரக் கணக்கின் தீமை

தூரத்தைக் கடிகாரத்தால் அளக்கும் பழக்கம் தொழுகையோடு நின்றுவிடுமானால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. அது மனித நேயத்தையும் அரித்துவிடுகின்றது. கிரைஸ் ஃபியோர்டில் ஒரு சிறு சுகாதார நிலையம் உண்டு, மருத்துவமனை இல்லை. பேறுகாலம் நெருங்கும் தாய், பிரசவத்திற்குச் சில வாரங்களுக்கு முன்பே தன் வீட்டையும் பிற குழந்தைகளையும் விட்டுவிட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியுள்ள நகருக்குப் போய்க் காத்திருக்க வேண்டும். வடகோடியின் பல ஊர்களில் நிலைமை இதுவே. "விமானம்தான் இருக்கின்றதே, சில மணி நேரப் பயணம்தானே" என்று வெளியே இருப்பவர் சொல்லிவிடலாம். பறக்கும் நேரம் சில மணிதான். பிரிந்திருக்கும் காலமோ பல வாரம். அத்தாய்க்கு எது உண்மையான தூரம்?

நாமும் இக்குற்றத்திற்கு அப்பாற்பட்டவர்கள் அல்லர். வளைகுடாவில் உழைக்கும் மகனைப் பற்றி, "நாலு மணி நேரத்தில் வந்துவிடலாமே" என்கின்றோம். அவனுக்கு விடுப்புக் கிடைப்பது எப்போது, பயணச்சீட்டுக்குப் பணம் சேர்வது எப்போது என்று எண்ணுவதில்லை. பக்கத்து மாவட்டத்தில் நோயுற்றுக் கிடக்கும் அத்தையை, "கூப்பிடு தூரம்தானே, போனால் போயிற்று" என்று சொல்லியே ஆண்டுக்கணக்கில் காணாமல் இருக்கின்றோம். தூரமென்று உணர்ந்தவன் புறப்பட்டுப் போவான். பக்கமென்று ஏமாந்தவன் போகாமலே இருந்துவிடுவான்.

இறைவன் அளித்த தர்மம்

"சிரமம் நீங்கிய பிறகும் சலுகை எப்படி நிற்கும்?" என்று இன்னும் கேட்பவர்கள் இருக்கலாம். இதே போன்ற வினா முதல் தலைமுறையிலேயே எழுந்து, விடையும் கிடைத்துவிட்டது. தொழுகையைச் சுருக்கும் அனுமதியைத் திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம், எதிரிகளின் தொல்லை பற்றிய அச்சத்தோடு சேர்த்துக் கூறுகின்றது. நாடெங்கும் அமைதி நிலவிய பிறகு, அச்சம் நீங்கிவிட்டதே, இனிச் சுருக்குவது ஏன் என்ற வியப்பு யஅலா பின் உமய்யா (ரலி) அவர்களுக்கு எழுந்தது. உமர் (ரலி) அவர்களிடம் கேட்டார்கள். தமக்கும் அதே வியப்பு எழுந்ததாகவும், அதைத் தாம் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடமே கேட்டதாகவும், இது அல்லாஹ் உங்களுக்கு வழங்கிய தர்மம், அவனுடைய தர்மத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்னும் கருத்தில் பெருமானார் விடையளித்ததாகவும் உமர் (ரலி) அவர்கள் கூறினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இச்செய்தி இடம் பெற்றுள்ளது.

அச்சம் நீங்கியபோதும் நீங்காத தர்மம், ஒட்டகம் போய் விமானம் வந்ததால் மட்டும் நீங்கிவிடுமோ? கொடுத்தவன் திரும்பப் பெறாத தர்மத்தை, எனக்குத் தேவையில்லை என்று பெற்றவன் ஒதுக்குவது பேணுதல் ஆகாது, பணிவும் ஆகாது.

ஆகவே, அன்புச் சகோதரர்களே! பயணம் புறப்படுமுன் போகுமிடம் எத்தனை மணி என்று கேட்பதோடு, எத்தனை கிலோமீட்டர் என்றும் கேளுங்கள். உங்கள் மத்ஹபின் எல்லையை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். எல்லையைத் தாண்டியிருந்தால் தயக்கமின்றிச் சலுகையை நன்றியோடு ஏற்றுத் தொழுங்கள். விமானம் சீக்கிரம் போய்விடும், போய்த் தொழலாம் என்று வக்தைத் தவற விடாதீர்கள். விமானம் நம் கையில் இல்லை. மூடுபனியும் காற்றும் யாருடைய கட்டளைக்குக் கீழ்ப்படிகின்றனவோ, அவனுடைய கையிலேயே அதுவும் இருக்கின்றது. தொலைவில் இருக்கும் உறவையும் நோயாளியையும், பக்கம்தான் என்ற எண்ணத்தால் மறந்துவிடாதீர்கள்.

உறைந்த ஆறுகளுக்கும் உருகாத மண்ணுக்கும் நடுவே நாலாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்த பள்ளிவாசலில் ஸுஜூது செய்யும் நம் சகோதரர்களின் தொழுகையையும், நம் அனைவரின் தொழுகையையும் வல்ல அல்லாஹ் ஏற்றருள்வானாக! தன் தர்மத்தை நன்றியோடு ஏற்கும் அடியார்களின் கூட்டத்தில் நம்மையும் சேர்த்தருள்வானாக! ஆமீன்.